கரட்டுமலையில் கேட்ட நாதம்

பகல்கனவு காண்கிறவன் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. வக்கீல் ஆபீசில் முப்பத்தெட்டு வருஷம் டைப் அடித்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் முதலில் என்னைத்தான் பிடித்து உள்ளே போட்டிருப்பார்கள். மூன்று பேருடைய மானமும் மிஞ்சியிருக்கும்.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. விழுப்புரத்தில் வேலை, தலையில் எண்ணெய், சட்டைப் பையில் பேனா, சொந்தமாக ஒரு பச்சை சைக்கிள். அம்மாவை ஆறு மாதம் நச்சரித்து வாங்கிய வண்டி அது. அதில் எனக்குப் பெருமை பின்சக்கரத்தை ஒட்டி மாட்டியிருந்த டைனமோதான். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் அதன் தலை சாய்ந்து டயரோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரம் சுற்றச் சுற்ற முன்னால் விளக்கு எரியும். (மிதிக்கக் கொஞ்சம் கனக்கும்தான். வெளிச்சம் சும்மா வருமா?) விளக்கில்லாமல் இருட்டில் சைக்கிள் ஓட்டுகிறவனைப் போலீஸ் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடும் காலம் அது. நான் மட்டும் ஸ்டேஷன் வாசலிலேயே மெதுவாக, வேண்டுமென்றே, இரண்டு தடவை போய் வருவேன்.

கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் எனக்கு இரண்டு சிநேகிதர்கள். ஒருவர் ஏழுமலை. கண்டமங்கலம் பக்கத்தில் சொந்த நிலம், நாலு மாடு. தினமும் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்து அந்தக் கடைக்கு ஊற்றிவிட்டுப் போவார். அவர் தொடையைப் பார்த்தால் பனைமரமே கொஞ்சம் வெட்கப்படும். என்னைவிட ஐந்து வயது பெரியவர். இன்னொருவன் அந்தோணி. பக்கத்து மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டியில் மூட்டை தூக்குகிறவன். எட்டாவது வரை படித்தவன். கையெழுத்து என் டைப்பைவிட அழகாக இருக்கும். தினமும் ஆறு மைல் நடந்து வந்து, மூட்டை தூக்கிவிட்டு, ஆறு மைல் நடந்து திரும்புவான்.

அந்த அந்தோணிக்கு ஒரு வேலை வரும்போல் இருந்தது. கிராமங்களுக்குத் தபால் கொண்டு போகிற வேலை. படிப்பு சரி, கையெழுத்து சரி, பாதிரியார் கொடுத்த நன்னடத்தைச் சீட்டும் சரி. ஒரே ஒரு நிபந்தனை: சொந்தமாக சைக்கிள் இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை வண்டியோடு வந்து நிற்கச் சொல்லியிருந்தார்கள். நடந்து போய் நின்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அந்த வாரம்தான் டீக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. திண்டிவனத்தில் விளையாட்டுப் பிரியர்கள் சிலர் சேர்ந்து சைக்கிளில் மலையேறும் போட்டி வைக்கிறார்கள். செஞ்சி ரோட்டிலிருந்து பிரிந்து, கல் உடைக்கிற வண்டிகளுக்காகப் போட்ட பாதையில் கரட்டுமலை உச்சி வரை ஒன்றரை மைல். மூன்று பேர் கொண்ட குழுவாகத்தான் சேர வேண்டும். மூன்றாவது ஆளின் சக்கரம் கோட்டைத் தொடும் நேரம்தான் கணக்கு. ஜெயிக்கிற குழுவுக்கு ஒரு புத்தம் புது சைக்கிள். (மூன்று பேர் ஒரு சைக்கிளை எப்படிப் பங்கு போடுவார்கள் என்று நோட்டீஸ் எழுதியவர் யோசிக்கவில்லை.) போட்டி ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள்.

ஏழுமலை டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு முடிவைச் சொல்லிவிட்டார்.

"தம்பி, வண்டி உனக்குத்தான். நானும் நீயும் ரெண்டு பேரு. மூணாவது ஆளு வேணும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மலையைப் பார்த்தேன். (விழுப்புரத்தில் மலை கிடையாது. இருந்தாலும் பார்த்தேன்.)

"வரதா, நீ வர்றியா? பேஜாரு பண்ண மாட்டியே?"

"விண்ணப்பத்தை நானே இங்கிலீஷில் டைப் அடிச்சுடறேன்" என்றேன். அடித்தேன். நானே அடித்ததால் குழுத் தலைவர் என்ற இடத்தில் என் பெயரே விழுந்தது.

பயிற்சி ஏரிக்கரைச் சரிவில். எங்களுக்குத் தெரிந்த உயரமான இடம் அதுதான். நாலு நாள் சாயங்காலமும் ஏறி இறங்கினோம். அந்தோணி வாடகை சைக்கிளில். ஆச்சரியம் என்னவென்றால் நான் மோசமில்லை. ஏழுமலையே, "பரவால்லப்பா, டைப்பு அடிக்கிற காலு இவ்ளோ மிதிக்குதே" என்று தட்டிக்கொடுத்தார். (டைப் கையால் அடிப்பது என்று நான் திருத்தவில்லை. பாராட்டு வரும்போது திருத்தக் கூடாது.)

ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். திண்டிவனத்துக்கு இருபத்துநாலு மைல். விளக்கு என் வண்டியில் மட்டும்தான். அதனால் நான் முன்னால், அவர்கள் இருவரும் என் வெளிச்சத்தை ஒட்டிப் பின்னால். டைனமோவைத் தட்டிவிட்டேன். ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரங்கள். விளக்கொளி ஒவ்வொரு மரமாகத் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது. பனியில் வைக்கோல் வாசனை வந்தது. எங்கோ ஒரு நாய் குரைத்து, எங்களோடு கொஞ்ச தூரம் ஓடி வந்து, பிறகு தூக்கம் வந்ததுபோல் நின்றுவிட்டது. டைனமோவின் 'ங்ங்ங்' என்ற சத்தம் மட்டும் கூடவே வந்தது. ஒரு மணி நேரத்தில் அது சத்தமாகவே தெரியவில்லை. என் ரத்தத்தோடு கலந்துவிட்டது. உலகத்தில் யாருக்கும் கிடைக்காத ஒரு காரியத்துக்கு நான் இரண்டு பேரை வெளிச்சம் காட்டி அழைத்துப் போகிறேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

விக்கிரவாண்டி தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. ஏழுமலை பக்கத்தில் வந்து, "வெளிச்சம் வந்துடுச்சி. நாங்க முன்ன போய்க்கினு இருக்கோம். ஜல்தி வா" என்று சொல்லிவிட்டு அந்தோணியோடு முந்திப் போய்விட்டார்.

நான் சூரியன் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே தனியாக மிதித்தேன். அங்கேதான் எனக்கு மரியாதை தொடங்கிற்று. வழியில் வயலுக்குப் போகிறவர்கள், பல் துலக்குகிறவர்கள், மாட்டு வண்டிக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி விரல்களை விரித்து விரித்து மூடினார்கள். சிலர் ஏதோ கத்தவும் செய்தார்கள். போட்டிக்குப் போகிறேன் என்பது இதற்குள் ஜில்லா முழுக்கத் தெரிந்துவிட்டதா என்று எனக்கு நெஞ்சு விம்மியது. நானும் கையைத் தூக்கி அதே மாதிரி விரித்து மூடினேன். ஒரு கிழவர் தலையில் அடித்துக்கொண்டார். அது இந்தப் பக்கத்து ஆசீர்வாதம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மலையடிவாரத்தில் கூட்டம். பன்னிரண்டு குழு. எங்களுக்கு அடுத்ததாக அண்ணன் தம்பிகள் மூவர் சேர்ந்த ஒரு குழு. அங்கே ஒரு சின்ன முனீஸ்வரன் கோயில். எந்த வண்டியானாலும் பூசை போடாமல் மேலே போகக் கூடாது என்பது கல் உடைப்பவர்களின் வழக்கம். பூசாரி ஒவ்வொரு குழுத் தலைவரின் சைக்கிளுக்கும் சந்தனம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சாமந்தி மாலை போட்டார். என் வண்டியின் பளபளப்பைப் பார்த்து அவருக்குக் கை நின்றுவிட்டது. மற்றவர்களுக்கு ஒரு மாலை, எனக்கு மூன்று. ஹேண்டில்பார், மணி, விளக்கு எல்லாம் பூவுக்குள் புதைந்துவிட்டன. மணவறையில் நிற்பது போல் நின்றது வண்டி.

நடுவர் ஒரு ரிட்டயரான டிரில் மாஸ்டர். மீசையை முறுக்கி விதியைச் சொன்னார். "ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு குழுவா விடுவோம். கால ஊனலாம். ஆனா எறங்கித் தள்ளக் கூடாது. வேற ஆளு கைவெச்சித் தள்ளவும் கூடாது. ஒரு வெரல் பட்டாலும் குழு அவுட்டு. பாதை பூரா எங்க ஆளுங்க நிக்கறாங்க."

உச்சியில், சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில், ஒரு பாறைமேல் பரிசு சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். கீழிருந்து பார்த்தால் வெயிலில் ஒரு புள்ளியாக மின்னிற்று. அந்தோணி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்தில் கிடந்த ஜெபமாலைச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு, "ண்ணா, நான் இன்னிக்கு மாதா கோயில் பூசைக்குப் போவல. அம்மா திட்டிக்கினே அனுப்பிச்சாங்க. ஜெயிச்சிட்டுத்தான் வூட்டுக்குப் போவணும்" என்றான். அவன் அதிகம் பேசாதவன்.

எங்கள் முறை வந்ததும் விசில் ஊதினார்கள். நசுங்கிய எலுமிச்சம்பழத்தோடு ஏறத் தொடங்கினோம்.

முதல் வளைவு வரை மூன்று பேரும் ஒன்றாகத்தான் இருந்தோம். இரண்டாவது வளைவில் அவர்கள் முதுகு தெரிந்தது. மூன்றாவதில் முதுகும் தெரியவில்லை. எனக்குக் கால் கனத்தது. இது ஏரிக்கரைக் கனம் இல்லை. பின்னால் யாரோ உட்கார்ந்து வருவது போன்ற கனம். ஆனால் நான் கவலைப்படவில்லை. ஏனென்றால் அப்போதுதான் அந்த நாதம் கேட்டது.

'ங்ங்ங்ங்.'

காதுக்குள்ளே, மெல்லிசாக, தம்புராவை மீட்டி விட்டது மாதிரி. மலைச்சரிவில் சீத்தாச் செடிகள். அவற்றின் மேல் பனி இன்னும் விலகவில்லை. கீழே திண்டிவனத்து ஏரி ஒரு கண்ணாடித் துண்டாகக் கிடந்தது. மனிதன் உடம்பை வருத்தினால் ஒரு கட்டத்தில் உள்ளே ஓங்காரம் கேட்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். எனக்கு அது இருபத்திரண்டு வயதிலேயே கேட்டுவிட்டது! நான் வேகமாக மிதித்தால் நாதம் உயர்ந்தது. தளர்ந்தால் தணிந்தது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? போதாததற்கு, குனிந்து பார்த்தால் சாமந்திப் பூக்களுக்குள்ளிருந்து ஒரு மங்கலான பொன்னொளி. மிதித்தால் கூடுகிறது, விட்டால் குறைகிறது. முனீஸ்வரன் இறங்கிவிட்டான் என்று எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

அந்த ஆனந்தத்தில் கனவும் ஓடியது. அந்தோணி காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, புது வண்டியில் வரப்போரமாகப் போகிறான். அவன் அம்மா வாசலில் நிற்கிறாள். ஊரே கடுதாசிக்குக் காத்திருக்கிறது. எல்லோரும் என் பெயரைச் சொல்கிறார்கள்.

"கொஞ்சம் ஒதுங்கு தம்பி, பாரம் கனக்குது."

பின்னாலிருந்து வந்த குரல். தலையில் விறகுக் கட்டோடு ஒரு அம்மாள். நடந்து வந்துகொண்டிருந்தாள். என்னைத் தாண்டினாள். (போட்டியில் என்னை முந்தியவர்கள் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.) தாண்டும்போது ஒரு கணம் நின்று காது கொடுத்துக் கேட்டாள்.

"இன்னா தம்பி, வண்டி இந்த மொனவு மொனவுது? எண்ண கிண்ண போடக் கூடாதா?"

நான் அவளைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தேன். பாவம், நாதத்துக்கும் முனகலுக்கும் வித்தியாசம் தெரியாதவள்.

நாலாவது வளைவில் மேலேயிருந்து தடதடவென்று யாரோ ஓடி வரும் சத்தம். அந்தோணி. தன் வாடகை வண்டியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான். மூச்சு இரைத்தது.

"ண்ணா! நாங்க ரெண்டு பேரும் பஸ்ட்டு வந்துட்டோம்ணா! எல்லா குழுவுக்கும் முன்ன! நீங்க வந்தா போதும். நமக்கு அடுத்து கெளம்பின அந்த அண்ணன் தம்பி மூணு பேரு கீழ வந்துகினு இருக்காங்க. மிதிங்கண்ணா!"

மிதித்தேன். அவன் எனக்குப் பக்கத்திலேயே ஓடி வந்தான். உள்ளங்கையை என் முதுகுக்கு ஒரு விரல்கடை தள்ளி விரித்து வைத்துக்கொண்டே ஓடினான். தொடவில்லை. பட்டால் குழு போய்விடும். அந்தக் கையின் சூடு எனக்கு முதுகில் தெரிந்தது. திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கனவு எல்லாம் போய்விட்டது. கடவுளே, இவனுக்காகவாவது என்னைக் கொண்டுபோய் சேர்த்துவிடு என்றுதான் இருந்தது.

அப்போது அந்தோணியின் பார்வை என் பின்சக்கரத்துக்குப் போனது. அங்கிருந்து முன்னால் பூவுக்குப் போனது. மறுபடி பின்சக்கரத்துக்கு வந்தது.

"ண்ணா."

"என்ன?"

"லைட்டு எரியுதுண்ணா."

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. காலையில் தட்டிவிட்ட டைனமோவை நான் எடுக்கவே இல்லை. இருபத்துநாலு மைலும் அதை இழுத்து வந்து, இப்போது மலையிலும் இழுத்துக்கொண்டிருந்தேன். விரலை விரித்து மூடிய ஜனங்கள், தலையில் அடித்துக்கொண்ட கிழவர், ஓங்காரம், பொன்னொளி, முனீஸ்வரன், எல்லாம் அதுதான். ஊரில் விளக்கு அணைந்தால்தான் மலையேறிற்று என்பார்கள். என் விளக்கு ஒன்றுதான் எரிந்துகொண்டே மலையேறிற்று.

"எடுத்து விடு!" என்று கத்தினேன்.

"தொடக் கூடாதேண்ணா!" என்று அவனும் கத்தினான். கை டைனமோவை நோக்கிப் போகிறது, திரும்பி வருகிறது, மறுபடி போகிறது. வளைவில் நின்ற ஆள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நானே எடுப்பது என்று முடிவு செய்தேன். காலை ஊன்றி நின்று, நிதானமாகத் தட்டியிருக்கலாம். விதியில் அதற்கு இடம் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அந்தப் புத்தி வந்தால் அது நான் இல்லை. மிதித்துக்கொண்டே ஒரு கையைப் பின்னால் விட்டேன். வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. மூன்று மாலைகளும் நானும் பச்சை சைக்கிளும் பாதையோரத்துச் சப்பாத்திக்கள்ளியில் போய் விழுந்தோம்.

முள்ளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது பல நாள் கதை.

எழுந்து, வண்டியை நிமிர்த்தி, டைனமோவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஏறி மிதித்தேன். வண்டி பறந்தது. அப்படி ஒரு லேசை நான் வாழ்நாளில் உணர்ந்ததில்லை. கடைசி வளைவு, கடைசி ஏற்றம், விறகுக்கார அம்மாள் (அவளைத் திரும்ப முந்தினேன், அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்), சுண்ணாம்புக் கோடு.

கோட்டுக்குப் பக்கத்தில் ஏழுமலை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிரில் மாஸ்டர் எல்லாக் குழுவும் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு கடிகாரத்தைப் பார்த்துப் படித்தார். எங்களுக்குப் பின்னால் கிளம்பிய அண்ணன் தம்பிகள் மூவரும் எங்களைவிடப் பதினோரு செகண்டு குறைவாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பரிசு சைக்கிளை அவர்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கம்பிகளில் சுற்றிய காகிதம்கூடப் பிரிக்கவில்லை. எங்களைத் தாண்டும்போது அந்தோணி கேட்டான்: "ஒரு தபா மணி அடிச்சிப் பாக்கட்டுமாங்க?" அவர்கள் நிறுத்தினார்கள். ஒரு தரம் அடித்தான். கணீரென்று இருந்தது. "நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

நான் பாறைக்குப் பின்னால் போய் அழுதேன். முள்ளுக்காக என்று அவர்களிடம் சொன்னேன்.

திரும்பும்போது முள் காரணமாக என்னால் சீட்டில் உட்கார முடியவில்லை. இருபத்துநாலு மைலில் பாதியை நின்றுகொண்டே மிதித்தேன். மீதியைத் தள்ளினேன். இருட்டுவதற்குள் ஊர் வந்துவிட்டது. டைனமோவைத் தொட யாருக்கும் மனசில்லை. ஊர் எல்லையில் வண்டியை அந்தோணியிடம் நீட்டி, "இத நீயே வெச்சுக்கோ" என்றேன். இதைத் தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வண்டியைப் பார்த்தாலே எனக்குக் கூசியது.

அந்தோணி வாங்கவில்லை. ஹேண்டில்பாரை ஒரு தரம் தடவிவிட்டு என் பக்கமே தள்ளினான். பிறகு சொன்னான்: "எனுக்கு வேணும்தாண்ணா. ஜெயிச்ச வண்டின்னா ஊருக்கே தெரியும். ஆனா இவ்ளோ நல்ல வண்டிய நான் ஓட்டிக்கினு போனா, எங்க திருடினன்னு கேப்பாங்க. உங்கள யாரும் கேக்க மாட்டாங்க. என்னக் கேப்பாங்க."

ஆனால் எனக்குத் தெரிந்த தொழில் ஒன்று இருந்தது. அன்று இரவே ஆபீசைத் திறந்து, அந்த சைக்கிளுக்கு ஒரு தானப் பத்திரம் அடித்தேன். "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று தொடங்கி, சொத்து விவரத்தில் பச்சை வர்ணம், இரண்டு சக்கரம், மணி, கேரியர் என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். பழக்க தோஷத்தில் நான்கெல்லையும் அடித்துவிட்டேன்: வடக்கே ஹேண்டில்பார், தெற்கே மட்கார்டு. பத்திரத்தை வாங்கிப் படித்த அந்தோணி, நாள் முழுக்கச் சிரிக்காதவன், அங்கேதான் சிரித்தான்.

"ண்ணா, ஒண்ணு மட்டும் மாத்துங்க. டைனமோ எனுக்கு வேணாம். அது உங்ககிட்டயே இருக்கட்டும்."

"டைனமோ நீங்கலாக" என்று சேர்த்து அடித்தேன். திங்கட்கிழமை அவன் வண்டியோடு போய் நின்றான். யாரோ கேட்டார்களாம். பத்திரத்தை எடுத்துக் காட்டினானாம். வேலை கிடைத்தது. வக்கீலின் கையில் மறுநாள் கார்பன் காப்பி கிடைத்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நடுங்கிக்கொண்டு போனேன். "விளக்கு யாருக்குன்னு எழுதலியேப்பா, பின்னால கோர்ட்டுல தாவா வரும்" என்று மட்டும் சொன்னார்.

டைனமோ இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. அது தெரியாமல் என் வீட்டுக்கு மருமகளாகவோ மருமகனாகவோ யாரும் வந்துவிட முடியாது. முதல் நாளே கதையைச் சொல்லிவிடுவார்கள். பிள்ளைகள் பரீட்சையில் தோற்றால், பேத்திக்குக் கணக்கு வராவிட்டால், இட்லி மாவு பொங்காவிட்டால், எங்கள் வீட்டில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "டைனமோவ எடுத்துட்டியா?" யாரும் பார்க்காதபோது நான் அதன் தலையை விரலால் சுழற்றிக் காதில் வைத்துப் பார்ப்பதுண்டு. 'ங்ங்' என்று லேசாகக் கேட்கும். டைனமோ என்று தெரிந்த பிறகும் அது எனக்கு நாதம்தான். அதை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

அந்தோணி வருஷா வருஷம் நுங்கு கொண்டு வருவான். தபால் வேலையிலிருந்து ரிட்டயராகி அவனுக்கும் தலை வெளுத்துவிட்டது. போன கோடையில் வந்தபோது நானும் அவனும் ஒன்றாக மாடி ஏறினோம். பாதியில் எனக்கு மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்:

"பின்னால கைய விட்டுப் பாருங்க, மாட்டிக்கினு இருக்கப் போவுது!"

திரும்பிப் பார்த்தேன். அந்தோணி ஒரு கையில் நுங்குப் பையோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தான். இன்னொரு கை என் முதுகுக்கு ஒரு விரல்கடை தள்ளி விரிந்திருந்தது.

"விசில் ஊத இங்க யாரும் இல்லியேண்ணா?" என்று கேட்டுவிட்டு, கையை வைத்துத் தள்ளினான்.